கொட்டகை இல்லமாகும் வகை

தோற்றுவாய்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உண்டியையும் உடையையும் பற்றி நாம் நாள்தோறும் எண்ணுகின்றோம். உறையுளைப் பற்றியோ, தலைக்குமேல் கூரை நிலைத்து நிற்கும் வரையில் எண்ணுவதே இல்லை. நாற்புறமும் சுவரும் மேலே கூரையும் உடைய யாதோரிடமும் மக்கள் வாழ்வதற்கு ஏற்றதாகுமோ? ஆகாதெனின், அதற்கு இன்னும் வேண்டுவன யாவை? இவ்வினாவிற்கு விடை காண்பதற்கு உற்ற வழியொன்று உண்டு. மக்கள் வாழ்வதற்கென்று கட்டப்படாத ஓரிடத்தை மக்கள் வாழும் இடமாக மாற்றும் முறையை உற்று நோக்குதலே அவ்வழியாம்.

அத்தகைய மாற்றம் அமெரிக்க நாட்டின் மேல்கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலத்தில் இந்நாளில் பெருக நடைபெறுகின்றது. அங்கே கணவனும் மனைவியுமாகப் பலர் தம் வீட்டு மோட்டார்க் கொட்டகையைத் தம் கையாலேயே குடியிருக்கும் மனையாக ஆக்கிக்கொள்கின்றனர். அஃது எங்ஙனம் ஆக்கப்படுகின்றது, அதன்கண் எளியது யாது, அரியது யாது என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொட்டகையின் வரலாறு

மோட்டார்க் கொட்டகையை மேனாட்டார் 'கராஜ்' என்பர். பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்துதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினைச்சொல்லினின்று அது பிறந்தது. ஊர்தியும் கொட்டகையும் முதன்முதல் முரண்பட்ட கதையொன்று உண்டு. ஹென்றி போர்டு என்பார் டெட்ராயிட் நகரில் தாம் குடியிருந்த வீட்டின் பின்புறத்துச் செங்கற் கொட்டகையில் தம் முதல் ஊர்தியைச் செய்து முடித்தார். 1896-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் விடியற்காலையில் அதனை வெளியே கொணர முயன்றபோது, வாயில் அதற்குப் போதிய அகலம் உடையதாயில்லை. உடனே அவர் கோடரியை எடுத்துச் சுவரை இடித்து வழிசெய்தார். அன்று ஊர்தி வெளிவருவதற்காகச் சுவர் இடிக்கப்பட்டது. இன்று அதே போன்ற வாயில்களில் மக்கள் குடியேறுவதற்காகச் சுவர் எழுப்பப்படுகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லாஸ் ஏஞ்செல்ஸ் போன்ற நகரங்களில் கட்டப்பெற்ற சிறு வீடுகளுக்குக் கொட்டகை, மனையின் பின்கோடியில் தனியே அமைந்திருந்தது. பெட்ரோல் தீப்பற்றும் என்னும் அச்சமும் அதற்கொரு காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்க் கொட்டகை வீட்டோடு ஒட்டி முன்புறத்திற்கே வந்துவிட்டது. நாளடைவில் பழம்பெட்டிகளும் உடைந்த நாற்காலிகளும் உள்ளே புகுந்தன. ஊர்தி தெருவில் நின்றது.

இதற்கிடையே நகரங்களில் வீட்டு வாடகை உயர்ந்தது. ஏழையர் பலர் கொட்டகைகளில் மறைவாகக் குடிபுகுந்தனர். 1987-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்செல்ஸ் மாவட்டத்தில் நாளிதழொன்று நடத்திய கணிப்பின்படி, ஏறத்தாழ 42,000 கொட்டகைகளில் ஏறத்தாழ 2,00,000 மக்கள் வாழ்ந்திருந்தனர். அவற்றுட் பலவற்றிற் பலகணி இல்லை; கழிப்பிடம் இல்லை; வெளியே ஓடித் தப்புதற்கு இரண்டாம் வழி இல்லை. தீப்பற்றியபோது உள்ளே இருந்தோர் மாண்டதும் உண்டு. அரசியலார் இடர்ப்பட்டனர். தடுப்பின் அம்மக்கள் எங்கே செல்வர்? தடாது விடின் எங்ஙனம் பிழைப்பர்?

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அம்மாநிலச் சட்டமன்றம் வேறொரு வழியைக் கண்டது. ஒளித்துச் செய்வதை வெளிப்படையாகவும் செம்மையாகவும் செய்க என்பதே அவ்வழி. 2016-ஆம் ஆண்டில் நிறைவேறி 2017 ஜனவரி 1-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த சட்டங்களும், 2019-இல் நிறைவேறி 2020 ஜனவரி 1-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த சட்டங்களும், ஒரு குடும்ப மனையில் துணைவீடு ஒன்று அமைப்பதற்கு இருந்த தடைகள் பலவற்றை நீக்கின. கொட்டகையைத் துணைவீடாக மாற்றுவோர், இழந்த ஊர்தியிடத்திற்கு மாற்றாக வேறோர் இடம் காட்டவேண்டும் என்று நகராட்சி வற்புறுத்தலாகாது. நிறைவான விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் அது முடிவு கூறுதல் வேண்டும். அயலார் விருப்பு வெறுப்பைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் முறை இதற்கில்லை. விதிகளுக்கு இயைந்த வரைபடமாயின் இசைவு தந்தே ஆகவேண்டும்.

ஊர்திக்கு வேண்டுவதும் மக்கட்கு வேண்டுவதும்

ஊர்திக்கு வேண்டுவது மழையும் வெயிலும் படாத நிழல் ஒன்றே. அஃது உண்ணாது, உறங்காது, மூச்சு விடாது, குளிருக்கு நடுங்காது, தீயைக் கண்டு ஓடாது. ஆகவே அதற்கென்று கட்டுவோர் இவற்றுள் ஒன்றனையும் எண்ணுவதில்லை. கொட்டகையின் தரை, சொட்டும் எண்ணெயும் மழைநீரும் வெளியே வழிந்தோடும் பொருட்டு வாயிலை நோக்கிச் சரிந்திருக்கும். வீட்டுத் தளத்தின்கீழ் மண்ணின் ஈரம் மேலேறாதபடி பிளாஸ்டிக் விரிப்பு இடவேண்டும் என்று கூறும் கட்டட விதி, கொட்டகைக்கு மட்டும் அதனை விலக்கி வைத்திருக்கின்றது. சுவரின் உட்புறத்தில் மரச்சட்டங்கள் வெறுமையாய்த் தோன்றும். ஒரு பக்கம் முழுவதும் கதவு. ஏனைய பக்கங்களிற் பலகணி அரிது.

மேலும், வீட்டோடு ஒட்டிய கொட்டகையை அவ்விதி ஓர் ஆபத்துப் பொருளாகவே கருதுகின்றது. கொட்டகையினின்று படுக்கையறைக்கு நேரே வாயில் திறத்தலாகாது. இரண்டிற்கும் இடையேயுள்ள சுவரின்மேல் தீயைத் தடுக்கும் ஜிப்சம் பலகை அறைந்திருத்தல் வேண்டும். எவ்விடத்தினின்று மக்களைக் காக்கவேண்டும் என்று விதி வகுத்தனரோ, அவ்விடத்திலேயே மக்களைக் குடியேற்றுதல் சிறு செயலன்று என்பது இதனால் விளங்கும்.

தம்பதியர் தொடங்குமாறு

விளக்கத்தின் பொருட்டுக் கணவன் மனைவியாகிய இருவரை நாம் மனத்திற் கொள்வோமாக. லாஸ் ஏஞ்செல்ஸில் அவர்கட்கு ஒரு சிறு வீடு உண்டு. பின்புறத்தில் 20 அடி நீளமும் 20 அடி அகலமும் உடைய தனிக் கொட்டகை ஒன்று உண்டு. அதன் பரப்பு 400 சதுர அடி. மனைவியின் தாயார் முதுமையுற்றுத் தனியே வாழ்கின்றார். அவரை அருகில் வைத்துப் பேண வேண்டும்; வேறொரு வீடு வாங்கப் பொருளில்லை. இருவர்க்கும் நாள்முழுதும் அலுவல். மாலைப் பொழுதும் சனிக்கிழமையும் தவிர வேறு ஓய்வில்லை.

இவர்கள் முதற்கண் கையிலெடுக்க வேண்டுவது சுத்தியலன்று, அளவு நாடாவே. உட்புறத்தின் உயரம் 7 அடிக்குக் குறைதலாகாது. தரையை உயர்த்தியும் கூரையின்கீழ்ப் பலகை அறைந்தும் முடித்தபின் அவ்வளவு எஞ்சுமோ என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கொட்டகை அயலார் மனையெல்லைக்கு எவ்வளவு அண்மையில் நிற்கின்றது என்பதனையும் அளத்தல் வேண்டும். எல்லையினின்று 3 அடிக்குட்பட்ட சுவரிற் பலகணி வைத்தல் பொதுவாக இயலாது. 5 அடிக்குட்பட்ட சுவர் ஒரு மணி நேரம் தீயைத் தாங்குமாறு அமைதல் வேண்டும். கட்டடம் 1978-ஆம் ஆண்டிற்கு முற்பட்டதாயின், பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருத்தல் கூடும்; பழம்பலகைகளிற் கல்நார் இருத்தலும் கூடும். இவற்றைச் சோதியாது உரசுதலும் உடைத்தலும் உடல்நலத்திற்குக் கேடு விளைக்கும்.

அடுத்தது இசைவு பெறுதல். தம் வீட்டைத் தாமே கட்டிக்கொள்ளும் உரிமையாளர்க்குக் கட்டட ஒப்பந்தக்காரருக்குரிய உரிமச்சீட்டு வேண்டுவதில்லை என்று கலிபோர்னியாச் சட்டம் கூறுகின்றது. ஆயின் அவ்வுரிமையோடு பொறுப்பும் அவர்மேல் ஏறுகின்றது. கூலியாள் ஒருவரை அமர்த்தினால், அவர் காயமுறின் ஈடு செய்யும் கடமை உட்பட, முதலாளிக்குரிய கடமைகள் யாவும் உரிமையாளரைச் சாரும்.

இவ்விடத்திலேயே தம்பதியர் தம் வேலைகளை இரண்டாகப் பகுத்துக்கொள்ளுதல் நலம். ஒன்று, பிழைப்பின் பிரித்து மீண்டும் செய்யக்கூடியது. மற்றொன்று, பிழைப்பின் உயிருக்கே இடையூறாவது. சட்டம் நிறுத்துதல், பஞ்சு அடைத்தல், பலகை அறைதல், பூச்சு, வண்ணம், தரைவிரிப்பு ஆகியவை முதல் வகையின. கட்டடத்தின் வலிமைக் கணக்கு, தெருக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்தல், மின்சாரத் தலைப்பெட்டி, எரிவாயுக் குழாய் ஆகியவை இரண்டாம் வகையின. முதல் வகையைத் தாமே செய்து, இரண்டாம் வகையை அத்தொழில் வல்லாரிடம் விடுத்தல் அறிவுடைமையாம்.

தரை

தரையின் ஈரத்தை அறிவதற்கு எளிய சோதனையொன்று உண்டு. 18 அங்குலச் சதுரமான பிளாஸ்டிக் தாளொன்றைக் கான்கிரீட் தளத்தின்மேற் பரப்பி, நான்கு விளிம்புகளையும் ஒட்டும் நாடாவால் நன்கு ஒட்டிக் குறைந்தது 16 மணி நேரம் விட்டு வைக்கவேண்டும். பின்னர் எடுத்துப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர்த்துளிகள் காணினும், தளம் கருத்துத் தோன்றினும், மண்ணின் ஈரம் மேலேறுகின்றது என்பது தெளிவு. அதன்மேல் மரப்பலகை பரப்பினால் அது வீங்கி அழுகும், பூசணம் படரும். ஆகவே ஈரத்தைத் தடுக்கும் பூச்சோ விரிப்போ இட்ட பின்னரே மேற்செல்லுதல் வேண்டும்.

சரிவு அடுத்த இடர். அடிக்கு 1/8 அங்குலம் வீதம் சரிந்த தளம், 20 அடித் தொலைவில் 2½ அங்குலம் தாழ்ந்திருக்கும். கண்ணுக்கு அது புலனாகாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரியும். கட்டிலின் தலைப்புறம் உயர்ந்து காற்புறம் தாழ்ந்து நிற்கும். முதியோர் கால் தடுமாறுவர். தானே பரவி மட்டமாகும் சிமெண்டுக் கலவையை ஊற்றியோ, ஒரு தலை மெலிந்து மறுதலை தடித்த மரச்சட்டங்களைப் பரப்பியோ அச்சரிவை நிரப்புவர்.

குளியலறைக் கழிவுநீர்க் குழாய்க்காகத் தளத்தை வெட்டவேண்டி வரும்போது மிக்க விழிப்பு வேண்டும். அண்மைக் காலத்துத் தளங்கள் சிலவற்றினுள் எஃகு வடங்கள் முறுக்கேற்றி இழுத்துப் பிணிக்கப்பட்டிருக்கும். அரை அங்குல வடம் ஒன்றனை ஏறத்தாழ 15 டன் விசையால் இழுத்திருப்பர். அறியாது அதனை அறுத்தால், வில்லின் நாண் அற்றது போல அது தெறித்து ஆளைக் கொல்லவும் கூடும். ஆதலின் இத்தகைய தளங்களிற் பெரும்பாலும் எச்சரிக்கை முத்திரையொன்று பதித்திருப்பர். அதனைத் தேடிப் பார்ப்பதோடு அமையாது, வெட்டுமுன் வடம் உண்டோ என்று கருவி கொண்டு சோதித்தலும் வேண்டும்.

வாயிலை அடைத்தல்

இரண்டு ஊர்திகள் நிற்கும் கொட்டகையின் கதவு பெரும்பாலும் 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. அதனைக் கழற்றியவுடன் 112 சதுர அடி வெட்டவெளி எதிர்நிற்கும். அதனை அடைப்பதற்குச் செங்குத்தான மரச்சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் நிறுத்தினால் போதும் என்று பலர் எண்ணுவர். ஈண்டு அறியவேண்டுவது, அவ்வாயிலின்கீழ்க் கடைகால் மேட்டுத்திண்டு இல்லை என்பதாகும். ஊர்தி ஏறிவருவதற்காக அவ்விடம் நிலமட்டமாக விடப்பட்டிருக்கும். முதலில் அங்கே கான்கிரீட் திண்டு ஒன்று அமைத்து, அதனிற் பாதி அங்குலப் பருமனுள்ள மரையாணிகளை 7 அங்குல ஆழம் புதைத்து, ஓராணிக்கும் மற்றோராணிக்கும் 6 அடிக்கு மேற்படாமல் நிறுத்தி, அவற்றோடு அடிச்சட்டத்தை இறுக்குதல் வேண்டும். கான்கிரீட்டைத் தொடும் அச்சட்டம், கறையானும் மக்கலும் அணுகாதபடி மருந்தூட்டிய மரமாக இருத்தல் வேண்டும். வாயிலின் மேலுள்ள உத்தரத்தை அகற்றாமல் அங்ஙனமே விடுதல் நன்று; கூரையின் பாரத்தை அது முன்போலவே தாங்கி நிற்கும்.

கலிபோர்னியா நிலநடுக்க நாடு. நான்கு குச்சிகளை மூலைகளில் ஆணியடித்துச் சதுரமாக்கி ஒரு பக்கம் தள்ளினால் அது சரிந்து சாய்சதுரமாவதை நாம் சிறு பருவத்திற் கண்டிருப்போம். அதன்மேல் ஒரு தகட்டை விளிம்பெங்கும் ஆணியடித்துப் பொருத்திவிட்டால் அது சரியாது. சுவர்ச்சட்டங்களின்மேல் ஒட்டுப்பலகை அறைவது இக்காரணம் பற்றியே. பெருவாயிலையுடைய கொட்டகையில் அப்பக்கத்துச் சுவர் மிகக் குறுகியதாகலின், நிலம் பக்கவாட்டில் அசையும்போது கட்டடம் அத்திசையிற் சாயும். 1994 ஜனவரி 17-ஆம் நாள் லாஸ் ஏஞ்செல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவு கொண்ட நிலநடுக்கம் நேர்ந்தது. அப்போது, கீழ்த்தளத்தில் ஊர்தி நிறுத்துதற்கு இடம் விட்டிருந்த மூன்றடுக்குக் குடியிருப்பு ஒன்றன் கீழ்த்தளம் நசுங்கி 16 பேர் மாண்டனர். அதன்பின்னர் 2015-ஆம் ஆண்டில் அந்நகராட்சி, கீழ்த்தளம் வலிகுன்றிய மரக்கட்டடங்களை வலுப்படுத்துமாறு சட்டம் செய்தது. ஆகவே, அடைத்த வாயிலின் புறத்தே ஒட்டுப்பலகையை விளிம்புகளில் 6 அங்குலத்திற்கு ஓர் ஆணியும் நடுவில் 12 அங்குலத்திற்கு ஓர் ஆணியுமாக, அல்லது பொறியாளர் குறித்த அளவில் அதனினும் நெருக்கமாக அறையும்போது, தம்பதியர் வெளியை மறைப்பதோடு நில்லாது கட்டடத்திற்கு முன்னில்லாத வலிமையையும் தருகின்றனர்.

சுவரும் கூரையும்

சட்டங்களின் இடைவெளியிற் கண்ணாடி இழைப் பஞ்சை அடைப்பர். வெப்பத்தைத் தடுப்பது உண்மையிற் பஞ்சன்று. அதன் இழைகளுக்கிடையே அசையாது அகப்பட்டு நிற்கும் காற்றே. ஆகையால் பஞ்சை அமுக்கித் திணித்தால் காற்று வெளியேறிப் பயன் குன்றும். இடைவெளி விட்டாலும் அவ்வழியே வெப்பம் ஒழுகும். அளவாக வெட்டி மென்மையாகப் பொருத்துதலே முறை. இதற்கு வலிமை வேண்டுவதில்லை, பொறுமை வேண்டும். கண்ணும் தோலும் அரிக்காதபடி கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் அணிந்தே இதனைச் செய்தல் வேண்டும்.

அதன்மேல் அறைவது ஜிப்சம் பலகை. ஜிப்சத்தின் எடையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதனோடு வேதிமுறையிற் கலந்து நிற்கும் நீராகும். தீ அதனைத் தாக்கும்போது அந்நீர் ஆவியாய் வெளிப்படும். அஃது ஆவியாகி முடியுங்காறும் பலகையின் பின்புறம் மிகச் சூடேறுவதில்லை. அதற்குள் உள்ளிருப்போர் தப்பலாம். தீக்கு எதிராகச் சுவரினுள்ளே நீரை வைத்துக் கட்டும் இவ்வுபாயம் வியக்கத்தக்கது.

கூரையைத் தொடுமுன் ஒன்றை உணர்தல் வேண்டும். சாய்வான கைமரங்கள் தம் பாரத்தாற் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளும். அத்தள்ளுதலை எதிர்த்து இரு சுவர்களையும் இழுத்துப் பிடித்து நிற்பவை குறுக்கு விட்டங்களே. உயர்ந்த அழகிய மேற்கூரை வேண்டும் என்னும் ஆவலால் அவ்விட்டங்களை அறுத்துவிடுவோர், நாளடைவிற் சுவர் பிதுங்கக் காண்பர். 5/8 அங்குலக் கனமுள்ள ஜிப்சம் பலகை சதுர அடிக்கு ஏறத்தாழ 2 ராத்தல் எடையுள்ளது. 400 சதுர அடிக் கூரையில் அது 800 ராத்தல் பாரம். பழைய விட்டங்கள் அதனைத் தாங்குமோ என்று கணக்கறிந்தாரைக் கேட்ட பின்னரே அறைதல் வேண்டும்.

குழாயும் மின்சாரமும்

கழிவுநீர்க் குழாய் அடிக்கு 1/4 அங்குலம் சரிதல் வேண்டும் என்பது பொதுவிதி. 40 அடித் தொலைவில் தெருக்குழாய் இருப்பின் இத்தொடக்கத்திற்கும் அம்முடிவிற்கும் 10 அங்குல வேறுபாடு தேவை. அவ்வளவு ஆழம் கிடையாதாயின் கழிவை மேலேற்றும் இயந்திரம் வேண்டிவரும், செலவு பெருகும். ஆதலால் குளியலறையையும் சமையல் மேடையையும் கழிவுக்குழாய்க்கு அண்மையான மூலையிலேயே அடுத்தடுத்து அமைப்பவர் அறிவுடையோர்.

பழைய வீடுகளின் மின்சாரத் தலைப்பெட்டி 100 ஆம்பியர் அளவினதாக இருக்கும். வீட்டிற்கும் துணைவீட்டிற்கும் சேர்த்து அது போதுமோ என்று கணக்கிட்ட பின்னரே கம்பி இழுத்தல் வேண்டும். சுவரோரத்தின் எப்புள்ளியும் ஒரு மின்செருகு துளையினின்று 6 அடிக்கு மேல் விலகியிருத்தலாகாது என்பது அந்நாட்டு விதி. நீள்கம்பிகளைத் தரையில் இழுத்துவிடும் பழக்கத்தால் விளையும் தீயையும் இடறலையும் தடுப்பதே இதன் நோக்கம். நீர் புழங்கும் இடங்களில், மின்னோட்டம் ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் அளவு வழிதவறினும் நொடிப்பொழுதில் தானே துண்டிக்கும் கருவி பொருத்தல் வேண்டும்.

கொட்டகையில் எரிவாயுவால் இயங்கும் வெந்நீர்க் கலம் இருப்பின் அதனை இடம் மாற்றுதல் வேண்டும். உறங்கும் அறையின் காற்றை உண்டு அது எரியுமாயின், காற்றுப் போதாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு தோன்றும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை; உறங்குவோர் விழிப்பதுமில்லை.

ஒளி, காற்று, தப்பும் வழி

வாழும் அறையின் தரைப்பரப்பில் நூற்றுக்கு 8 பங்கு கண்ணாடிப் பலகணியாகவும், நூற்றுக்கு 4 பங்கு காற்றுக்குத் திறக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. நம் தம்பதியர் 400 சதுர அடி முழுவதையும் ஒரே அறையாக அமைப்பாராயின் 32 சதுர அடிக் கண்ணாடியும் 16 சதுர அடித் திறப்பும் வேண்டும். முன்னைய பெருவாயிலின் ஒரு பகுதியையே பலகணியாக விடுதல் இதற்கு எளிய வழி.

உறங்கும் அறைக்கு இன்னொரு விதியும் உண்டு. கதவுப்புறம் தீச்சூழின் வெளியேறுவதற்கு ஒரு பலகணியேனும் வேண்டும். நிலமட்டத்து அறையில் அதன் திறந்த பரப்பு 5 சதுர அடிக்கும், உயரம் 24 அங்குலத்திற்கும், அகலம் 20 அங்குலத்திற்கும் குறைதலாகாது. அதன் கீழ்விளிம்பு தரையினின்று 44 அங்குலத்திற்கு மேற்படலாகாது. இவ்வெண்கள் வெறும் எழுத்தல்ல. வளர்ந்த ஒருவர் தோள் நுழைந்து வெளியேறவும், காப்புடை அணிந்த தீயணைப்போர் உள்ளே புகவும் வேண்டிய அளவு இது. முன்பு கூறிய பலகணியில்லாக் கொட்டகைகளில் மாண்டோரை நினைப்பார்க்கு இவ்விதியின் பொருள் நன்கு விளங்கும். புகையையும் நச்சுவாயுவையும் அறிந்து கூவும் கருவிகளும் இன்றியமையாதன. குளிர்காலத்தில் அறை 20 சென்டிகிரேட்டு அளவு வெப்பத்தையேனும் எய்துமாறு சூடேற்றும் வசதியும் வேண்டும்.

மறைப்பதற்கு முன் காட்டுதல்

இவ்வேலையெங்கும் நகராட்சியின் ஆய்வாளர் பன்முறை வந்து பார்ப்பர். கான்கிரீட் ஊற்றுமுன் ஒருமுறை. சட்டமும் குழாயும் கம்பியும் அமைத்தபின், சுவரை மூடுமுன் ஒருமுறை. பஞ்சு அடைத்தபின் ஒருமுறை. பலகை அறைந்தபின், பூச்சிடுமுன் ஒருமுறை. யாவும் முடிந்தபின் ஒருமுறை. இம்முறையை நோக்கின் ஓருண்மை புலனாகும். கண்ணுக்குத் தோன்றும் வண்ணத்தைப் பற்றி ஆய்வாளர் ஒன்றும் வினவார்; மறையப்போகும் ஒவ்வொன்றனையும், அது மறையுமுன் காட்டுமாறு கேட்கின்றார். ஒரு வீட்டின் நன்மை தீமை அதன் மறைந்த பகுதிகளிலேயே இருத்தலின், இக்கேள்வி முற்றும் பொருத்தமுடைத்து.

தாமே உழைக்கும் தம்பதியர் பலர்க்கு ஆய்வாளர் வரவு அச்சத்தையும், காலத்தாழ்வு சலிப்பையும் தரும். இசைவின்றி ஒளித்துச் செய்துவிடலாமே என்னும் எண்ணமும் எழும். கூலியின்றி வரும் கல்லாசிரியராக அவரைக் கருதுவோரே நன்மை பெறுவர். கைத்தேர்ச்சி குறைந்தவர்க்குத்தான் பிறிதொருவர் கண் மிகுதியும் தேவை. சுவரை மூடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் அளவுநாடாவோடு நிழற்படம் எடுத்து வைத்தல் மற்றொரு நல்ல வழக்கம். பத்தாண்டு கழித்து ஆணியடிக்கும்போது, கம்பி எங்கே, குழாய் எங்கே என்பதனை அப்படம் கூறும்.

இருவர் தொழில்

ஜிப்சம் பலகையொன்று 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உடையது. அதனைத் தலைக்குமேல் தூக்கி ஒருவர் தாமே அறைதல் அரிது. ஒருவர் தாங்க, ஒருவர் அறையவேண்டும். சட்டத்தின் மேல்தலையை ஒருவர் பிடிக்க, அடித்தலையில் ஒருவர் ரசமட்டம் பார்க்கவேண்டும். ஒருவர் அளவு கூற, மற்றவர் அதனை மீண்டும் அளந்து பின்னரே அறுக்கவேண்டும். தொழிலாளர் இருவர் எனின் மாலையிற் பிரிந்து செல்வர். தம்பதியரோ அப்பகற்பிழையை இரவுணவிலும் பேசவேண்டியவர். ஆகையால் எவர் எதனை முடிவு செய்வர், எத்துணைப் பொருள் செலவிடலாம், எந்நாளில் ஓய்வு என்பவற்றைத் தொடக்கத்திலேயே பேசி வகுத்துக்கொள்ளுதல், கடைகால் இடுதலோடொத்த முதற்பணியாகும். மூன்று மாதத்தில் முடியும் என்று தொடங்கும் வேலை, மாலைப்பொழுதும் சனிக்கிழமையும் மட்டும் உடையார்க்கு ஓராண்டு ஆதலும் இயல்பே.

இத்துணையும் எதற்காக? உழைப்பைத் தாமே தருவதால் கூலிச்செலவு மிச்சமாகும் என்பது உண்மை. ஆயின் பொருளாலும் பெறவியலாத ஒன்று அவர்க்குக் கிட்டுகின்றது. அச்சுவரினுள்ளே யாது உளது என்பதனை அவர்கள் அறிவர். தாய் உறங்கும் கட்டிலின் தலைமாட்டில், தாம் அடைத்த பஞ்சும் தாம் இறுக்கிய மரையாணியும் தாம் வைத்த பலகணியும் உள்ளன. பிறர்க்கு வாடகைக்கு விடும் அறையாயினும் இதே கவனம் வேண்டும் என்பதைச் சட்டம் வலியுறுத்துகின்றது; தாய்க்கென்று கட்டுவோர்க்கு அதனை வலியுறுத்த வேண்டுவதில்லை.

முடிவுரை

நம் மொழியில் வீட்டைக் குறிக்கும் சொற்களை ஈண்டு நினைத்தல் தகும். 'இல்' என்பதினின்று இல்லாளும் இல்லறமும் தோன்றின. 'மனை' என்பதினின்று மனைவி என்னும் சொல் தோன்றிற்று. 'அகம்' என்பது வீட்டையும் குறிக்கும், உள்ளிடத்தையும் குறிக்கும், நெஞ்சையும் குறிக்கும். இவற்றுள் ஒன்றும் சுவரையோ கூரையையோ சுட்டிப் பிறந்ததன்று. கொட்டகைக்குச் சுவரும் கூரையும் முன்னரே இருந்தன. ஆயினும் அஃது இல்லமாயிற்றில்லை. ஈரம் ஏறாத தரையும், வெப்பமும் தண்மையும் அளவாய் நிற்கும் சுவரும், ஒளியும் காற்றும், தீயினின்று தப்பும் வழியும் சேர்ந்த பின்னரே அஃது உறையுள் ஆயிற்று.

பெருநகரங்களில் இடமின்றி வருந்தும் மக்கள் எந்நாட்டிலும் உளர். இருக்கின்ற கட்டடங்களைத் திருத்தி அவர்க்கு இடங்காணுதல் நல்ல வழியே. ஆயின் ஓரிடத்தை இல்லம் என்று அழைப்பதற்குமுன், அங்கே ஒரு முதியவர் அச்சமின்றி உறங்கி எழக்கூடுமா என்று நாம் வினவுதல் வேண்டும். ஆம் என்னும் விடை கிடைக்கும் வரையில் அது கொட்டகையே.